வாயுக் கணக்குகள் எங்கே சறுக்குகின்றன?

பாயில் விதி, சார்லஸ் விதி, கே லூசாக் விதி, அவகாட்ரோ விதி, இவற்றைச் சேர்த்துக் கட்டிய ஒருங்கிணைந்த விதி, போதாததற்கு டால்டன் விதி. மேல்நிலை வகுப்பில் இத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர், தேர்வில் “இந்தக் கணக்குக்கு எந்த விதி?” என்ற இடத்திலேயே தடுமாறி நிற்பார். உண்மையில் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. முதல் ஐந்தும் ஒரே சமன்பாட்டுக்குள் அடங்கிவிடும்:

அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை

வெப்பநிலையும் மோலும் (வாயுவில் எத்தனை துகள்கள் என்று அளக்கும் அலகு) மாறாவிட்டால் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் இருக்கும். பாயில் 1662-இல் சொன்னது இதுதான். அழுத்தத்தை மாற்றாமல் சூடாக்கினால் கனஅளவு கூடும். சார்லஸ் 1787 வாக்கில் இதைச் சோதித்துவிட்டு வெளியிடாமல் விட்டார். 1802-இல் கே லூசாக் தன் அளவீடுகளோடு வெளியிட்டார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கனஅளவு மோலுக்கு நேர்விகிதம் என்பது 1811-இல் அவகாட்ரோ முன்வைத்த கருத்து.

ஒரே வாயுவின் இரண்டு நிலைகளைக் கொடுத்துக் கேட்கும் கணக்கில், சமன்பாட்டை முதல் நிலைக்கு ஒருமுறை, இரண்டாம் நிலைக்கு ஒருமுறை எழுதி ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போதும். மாறாதவை தாமே அடிபட்டுப் போகும். மீதி நிற்பதுதான் அந்தக் கணக்குக்கான ‘விதி’. மூடிய உறுதியான கலனில் உள்ள வாயுவை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 127 டிகிரிக்குச் சூடாக்கினால் கனஅளவும் மோலும் மாறாது. செல்சியஸோடு 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்கினால் 300, 400. ஆகவே அழுத்தம் 400/300 மடங்காகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். கே லூசாக் விதி எனப்படுவது இதுதான். செல்சியஸையே போட்டு வகுத்தவருக்கு 4.7 மடங்கு என்று வரும். கெல்வின் ஏன் கட்டாயம் என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும். செல்சியஸின் சுழியம் நீர் உறையும் புள்ளி மட்டுமே. அங்கேயும் மூலக்கூறுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விகிதம் எடுக்க வேண்டுமானால் அளவுகோல் உண்மையான சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அழுத்தத்திலும் இதே வகைக் கண்ணி ஒன்று உண்டு. டயர் மானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள மிகுதியை மட்டும். மானியில் 2.2 பார் என்றால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 3.2 பார். சமன்பாட்டில் இந்த முழு அழுத்தத்தைத்தான் போட வேண்டும்.

இனி வேதிவினைக்கூறு விகிதம், அதாவது எவ்வளவு வினைபொருளிலிருந்து எவ்வளவு விளைபொருள் வரும் என்ற கணக்கு. வினைபொருளின் நிறையோ கனஅளவோ கொடுக்கப்பட்டிருக்கும். அதை மோலாக்க வேண்டும். சமன் செய்த வேதிச் சமன்பாட்டின் எண்களைக் கொண்டு அந்த மோலிலிருந்து விளைபொருளின் மோலுக்குப் போக வேண்டும். பிறகு அதைக் கேட்ட அலகுக்கு மாற்ற வேண்டும். வாயுச் சமன்பாட்டுக்கு முதல் படியிலும் கடைசிப் படியிலும் மட்டுமே வேலை. நடுப்படியில் மோல் விகிதம் தவிர வேறு எதற்கும் இடமில்லை. கிராமை நேராக லிட்டரோடு விகிதம் போடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

ஒரே ஒரு குறுக்குவழி நியாயமானது. வினையில் பங்குகொள்ளும் வாயுக்களை ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் அளந்தால், கனஅளவு விகிதமே மோல் விகிதம். 1 பங்கு நைட்ரஜனும் 3 பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்து 2 பங்கு அம்மோனியா தருகின்றன. 10 லிட்டர் நைட்ரஜனும் 24 லிட்டர் ஹைட்ரஜனும் இருந்து, வினை முழுமையாக நடந்தால், ஹைட்ரஜனே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்: 24 லிட்டரும் தீரும்போது 8 லிட்டர் நைட்ரஜன் செலவாகி 16 லிட்டர் அம்மோனியா கிடைக்கும்; 2 லிட்டர் நைட்ரஜன் மிஞ்சும். 34 லிட்டராக இருந்தது 18 லிட்டராகச் சுருங்குகிறது. கனஅளவு அழியாமல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, நிறைதான் மாறாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராகும் வினைக்கு இதைப் பயன்படுத்துவதானால் நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 120 டிகிரியில் அது வாயு, கணக்கில் வரும். அறை வெப்பநிலையில் திரவம்; அதன் கனஅளவைச் சுழியம் என்றே கொள்ளலாம்.

22.4 என்ற எண் மாணவர்களின் செல்லப்பிள்ளை. எதைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மட்டுமே ஒரு மோல் நல்லியல்பு வாயு (மேலே சொன்ன சமன்பாட்டுக்குச் சரியாகக் கட்டுப்படும் வாயு) 22.414 லிட்டர். திட்ட அழுத்தத்தை 1 பார் என்று கொள்ளும்படி 1982-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பரிந்துரைத்தது, அதன்படி 22.711 லிட்டர். 25 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தம் என்றால் 24.47 லிட்டர். வினாவில் ‘திட்ட நிலை’ என்ற சொல்லே இல்லாதபோது 22.4-ஐத் தொடாமல், கொடுத்திருக்கும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சமன்பாட்டில் போடுவதே பாதுகாப்பு. திரவத்துக்கும் திண்மத்துக்கும் இந்த எண் பொருந்தவே பொருந்தாது. ஒரு மோல் திரவ நீர் வெறும் 18 மில்லிலிட்டர்.

வாயு மாறிலிக்கும் அலகுதான் உயிர். லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் என்றால் 0.08206. லிட்டரும் கிலோபாஸ்கலும் என்றால் 8.314. மில்லிமீட்டர் பாதரசத்தில் அழுத்தம் இருந்தால் 760-ஆல் வகுத்துவிட்டு 0.08206-ஐ எடுங்கள்.

இவை எல்லாம் ஒன்றுகூடும் இடம், மெக்னீசியம் நாடாவை அமிலத்தில் கரைத்து ஹைட்ரஜனை நீருக்கு மேல் சேகரிக்கும் பள்ளிச் சோதனை. 1 மோல் மெக்னீசியம் 2 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபட்டு 1 மோல் ஹைட்ரஜன் தரும். நாடாவின் நிறை 0.0365 கிராம், அறை வெப்பநிலை 27 டிகிரி, அழுத்தமானி காட்டுவது 750 மில்லிமீட்டர் பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிலிட்டர் அளவுக்குழாயில் 3 மோலார் (லிட்டருக்கு 3 மோல்) அமிலம் 10 மில்லிலிட்டர் ஊற்றி, அது கலங்காதபடி மேலே மெல்ல நீர் நிரப்பி, நாடாவைத் தாமிரக் கம்பியில் சுற்றி வாய்ப்பக்கம் பொருத்தி, வாயை மூடி நீரில் கவிழ்க்க வேண்டும். அமிலம் அடர்த்தி மிக்கதால் கீழே இறங்கிவந்து நாடாவைத் தொடும்.

நிறையை 24.305-ஆல் வகுத்தால் 0.001502 மோல் மெக்னீசியம். ஊற்றிய அமிலம் 0.03 மோல், தேவையைப் போல் பத்து மடங்கு. ஆகவே மெக்னீசியமே கட்டுப்பாட்டுக் காரணி, ஹைட்ரஜனும் 0.001502 மோல். குழாய்க்குள் ஹைட்ரஜன் தனியாக இல்லை, நீராவியும் கலந்திருக்கிறது. டால்டன் விதிப்படி மொத்த அழுத்தம் இரண்டின் பகுதி அழுத்தங்களின், அதாவது ஒவ்வொன்றும் தனியாகத் தரும் அழுத்தங்களின், கூட்டுத்தொகை. 27 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 26.7 மில்லிமீட்டர். உலர்ந்த ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 723.3 மில்லிமீட்டர், அதாவது 0.9517 வளிமண்டல அழுத்தம். கெல்வினில் வெப்பநிலை 300.15. கனஅளவு 38.9 மில்லிலிட்டர் என்று வரும்.

ஆவியழுத்தத்தைக் கழிக்காதவருக்கு 37.5 வரும்; 22.4-ஐப் போட்டவருக்கு 33.6, கெல்வினை மறந்தவருக்கு 3.5. தவறான விடையைப் பார்த்தே எங்கே சறுக்கியது என்று சொல்லிவிடலாம். இதே சோதனையிலிருந்து வாயு மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொன்னால், 0.085-ஐ ஒட்டிய விடை ஆவியழுத்தத்தைக் கழிக்க மறந்ததைக் காட்டும்.

விடை குறைவாக வந்தால் நாடாவின் மேல் படிந்த ஆக்சைடைச் சந்தேகியுங்கள்: எடையில் ஏறும், ஹைட்ரஜன் தராது. எடை போடும் முன்பே உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். விடை கூடுதலாக வந்தால், கவிழ்க்கும்போது காற்றுக்குமிழ் உள்ளே புகுந்திருக்கலாம், அல்லது வாயு ஆறும் முன்பே அளவு எடுத்திருக்கலாம். வினை வெப்பம் உமிழ்வது. சில நிமிடம் பொறுத்திருப்பது நல்லது. அளவெடுக்கும் முன், உயரமான ஜாடியில் குழாயை ஏற்றி இறக்கி உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் சமமாக்குங்கள். முடியாவிட்டால் உயர வேறுபாட்டை மில்லிமீட்டரில் அளந்து 13.6-ஆல் வகுங்கள்; பாதரசம் நீரைப் போல் 13.6 மடங்கு அடர்த்தியானது. உள்மட்டம் 136 மில்லிமீட்டர் உயரமாக நின்றால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட 10 மில்லிமீட்டர் பாதரசம் குறைவு.

ஹைட்ரஜனுக்குச் செல்லும் இந்த வழி எல்லா வாயுவுக்கும் செல்லாது. மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு மிகுந்த வாயுக்கள் நல்லியல்பிலிருந்து சற்று விலகும். 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்தில் கார்பன் டைஆக்சைடின் மோலார் கனஅளவு 22.26 லிட்டர், அம்மோனியாவுக்குச் சுமார் 22.1. பள்ளிக் கணக்கில் இந்த ஒரு சதவீதம் பொருட்டல்ல. ஆனால் கார்பன் டைஆக்சைடு நீரில் ஓரளவு கரையும், அம்மோனியாவோ ஏறத்தாழ முழுவதுமாகவே கரைந்துவிடும். அம்மோனியாவை நீருக்கு மேல் பிடிக்க முயன்றால் அளக்க எதுவும் மிஞ்சாது. காற்றைவிட இலேசானதால் உலர்ந்த குடுவையைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றைக் கீழ்நோக்கி வெளியேற்றித்தான் சேகரிக்க வேண்டும்.