யாரைப் பார்த்து நடக்கிறது?

ஊரிலிருந்து வந்திருந்த அத்தையை சான் பிரான்சிஸ்கோவில் காலாற நடக்கக் கூட்டிப்போனேன். சந்திப்பில் ஆளில்லாமல் தானே ஓடும் வேமோ டாக்ஸி ஒன்று வேகம் குறைத்து வந்தது. வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டிக்கொண்டே சாலையில் இறங்கிய அத்தை பாதியில் நின்றுவிட்டார். "டிரைவரே இல்லையேடா, யாரைப் பார்த்து நடக்கிறது?"

போக்குவரத்துப் பொறியாளனாக, நடப்பவர்களின் பாதுகாப்புதான் என் வேலை. அத்தை கேட்டதை நாங்கள் அலுவலகத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஓட்டுநரை இருக்கை உறை மாதிரி ஓர் உடைக்குள் ஒளித்துவைத்து காரை ஓட்டிப் பார்த்தார்கள். காலி இருக்கையைப் பார்த்தும் பெரும்பாலானோர் வழக்கம்போலவே கடந்தார்கள். கார் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டபோதுதான் தடுமாறினார்கள். ஆக, ஓட்டுநரின் முகத்தோடு வண்டியின் அசைவையும் நாம் படிக்கிறோம்.

தானே ஓடும் கார் நம்மை எப்படிப் படிக்கிறது? எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகர்கிறோம் என்று பார்த்து, அடுத்த சில நொடிகளில் எங்கே இருப்போம் என்று கணிக்கிறது. அது தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் பார்த்தோம். இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மேல் ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார் மோதியது, அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடிகள் முன்பே கருவிகள் அவரைக் கண்டிருந்தன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்திலும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடம் கணக்கிலிருந்து விழுந்துபோனது. கோடு போட்ட இடம் தவிர வேறெங்கும் மனிதர்கள் கடப்பார்கள் என்ற நினைப்பே அந்த வடிவமைப்பில் இல்லை. (சாலையில் ஒருநாள் நின்று பார்த்திருந்தால் போதுமே!) கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரோ கைபேசியில் இருந்தார்.

இன்றைய கார்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் அத்தையிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கையை நம்பாதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். அது முழுதாக நின்ற பிறகு சாலையில் இறங்குங்கள். கடக்கும் எண்ணம் இல்லையென்றால் நடைபாதை விளிம்பில் நிற்காமல் ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கடக்கப்போகிறீர்கள் என்று கார் உங்களுக்காகக் காத்து நிற்கும்.

அப்புறம், நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து சட்டென்று வெளியே வராதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். எத்தனை கேமரா இருந்தாலும் வேனுக்குள் ஊடுருவிப் பார்க்காது.