மாவடு ஜாடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்தின் வடுக்களை ஆண்டுதோறும் உப்பில் போட்டுவரும் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாத ஜாடியில், மூன்றாம் நாள் வடுக்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. மாதவிலக்கு நாட்களில் ஜாடியைத் தொட்டால் மாவடு கெட்டுவிடும் என்று மாமியார் சொல்வதில் உண்மை உண்டா என்பது இரண்டாவது.

மாமரம் பூக்கும் பூக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட முழுக் காயாக முற்றுவதில்லை. மரத்தால் தாங்க முடியாத பிஞ்சுகளின் காம்படியில், காயைப் பிடித்துவைக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் குறைந்து, உதிரச் செய்யும் எத்திலீன் என்னும் ஹார்மோனின் கை ஓங்கும்போது, காயைக் காம்பிலிருந்து பிரிக்கும் ஒரு பிரிபடலம் அங்கே உருவாகிறது. மாசி, பங்குனிக் காற்றுக்கு அவை உதிர்ந்துவிடுகின்றன. அடிபட்ட பிஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, கொட்டை முற்றாத வடுக்களைச் சிறு காம்போடு பறித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு, மஞ்சள், மிளகாய், கடுகுப் பொடியோடு ஜாடியில் அடுக்கி, நாள்தோறும் குலுக்கிவிடுவது நாம் அறிந்த முறைதான்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். அந்தத் தண்ணீர் முழுவதும் வடுவுக்குள் இருந்ததே. பிஞ்சு மாங்காயின் எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நீர்தான். அந்த நீர் கோடிக்கணக்கான செல்களுக்குள் சர்க்கரையும் அமிலமும் கலந்த சாறாக அடைபட்டிருக்கிறது. செல் சுவரை அது உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருப்பதால்தான் பறித்த வடு விறைப்பாக இருக்கிறது. வெளியே தோலின் ஈரத்திலும் காற்றின் ஈரத்திலும் கரையத் தொடங்கும் கல் உப்பு, வடுவைச் சுற்றி மெல்லிய, ஆனால் மிக அடர்ந்த உப்புக் கரைசலாகப் படிகிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல், அதாவது செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குச் சவ்வின் வழியே நீர் நகர்வது, இங்கே வேலையைத் தொடங்குகிறது. பெயரைத் தெரிந்துகொண்டதோடு பலரும் கடந்துவிடும் இந்த நிகழ்வின் வலிமை நம்மை மலைக்க வைப்பது. இனி உப்பே கரையாது என்னும் அளவுக்கு நிறைவுற்ற கரைசலின் சவ்வூடு அழுத்தத்தை, அதாவது நீரைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையைக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 380 வளிமண்டல அழுத்தம் வரை போகிறது. பிஞ்சின் சாற்றுக்கு உள்ள அழுத்தம் அதில் மிகச் சிறு பங்கே. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு எதிராக எந்தச் செல்லாலும் தன் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

நீர் வெளியேறும் வழிதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. செல் சவ்வு கொழுப்பால் ஆனது. நீர் அதை எளிதில் கடக்காது. ஆனால் அந்தச் சவ்வில் அக்வாபோரின் என்னும் புரதங்கள் நுண்ணிய குழாய்களாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு குழாயும் நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லும் அளவே அகலமானது. உப்பின் அயனிகளுக்கு அதில் இடமில்லை. ஆகவே நீர் வெளியே வருகிறது, உப்பு உள்ளே போக முடிவதில்லை. இந்தப் புரதத்தைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் ஜாடிக்குள்ளும் இதே கதவுகள்தான் திறந்திருக்கின்றன.

மூன்றாம் நாள் ஒரு வடுவை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோலை ஒட்டிய சதை கண்ணாடிபோல் தெளிந்து துவண்டிருக்கும். நடுப்பகுதி இன்னும் வெளுப்பாக, மொறுமொறுப்பாக, உப்பே ஏறாமல் வெறும் புளிப்பாக இருக்கும். வெளிச்செல்கள் நீரை இழந்து, சவ்வு சுவரைவிட்டுச் சுருங்கி, இறந்துவிட்டன. உயிரோடு இருந்தவரை உப்பைத் தடுத்த சவ்வு, செல் இறந்ததும் கிழிந்து வழிவிடுகிறது. அதன்பின் உப்பும் காரமும் அடுக்கடுக்காக உள்ளே இறங்க, புளிப்பு வெளியே கசிகிறது. வடு ஊறச் சில வாரங்கள் ஆவது இதனால்தான்.

ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சமநிலைக்கு வந்தபின் நீர்ச்செயல்பாடு, அதாவது நுண்ணுயிர்களுக்கு எட்டும் நீரின் அளவுகோல், ஏறத்தாழ 0.85க்கு இறங்குகிறது; தூய நீருக்கு இது 1. உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91 வேண்டும். பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவோ, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் வளராது. மாங்காயின் புளிப்பு அதைவிடக் கடுமையானது. ஆனால் பூஞ்சைகள் சில 0.80 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அவற்றுக்குக் காற்றும் வேண்டும். எனவே மாவடு கெடத் தொடங்கும் இடம் எப்போதும் மேற்பரப்புதான்.

இரண்டாவது கேள்விக்கான விடையும் அந்த மேற்பரப்பிலேயே இருக்கிறது. ஈரக் கரண்டியை விடும்போது, உப்புநீருக்கு மேலே துருத்தி நிற்கும் வடுவிலும் ஜாடியின் சுவரிலும் உப்பில்லாத நீர்த்துளிகள் தங்குகின்றன. பூஞ்சை வித்துகள் முளைப்பது அங்கேதான். அந்தக் கரண்டியைப் பிடித்த கை யாருடையது என்பது பூஞ்சைக்குத் தெரியாது. மாதவிலக்கின்போது பெண்களின் தோலில் நச்சு சுரப்பதாக 1920இல் வியன்னா மருத்துவர் பேலா ஷிக் ஒரு கருத்தை முன்வைத்து அதற்கு மெனோடாக்சின் என்று பெயரும் இட்டார். அப்படியொரு நச்சு இருப்பது நிறுவப்படவே இல்லை. ஊறுகாய் போடும் உழைப்பு முழுவதையும் பெண்களிடம் வாங்கிக்கொண்டு, மாதத்தில் சில நாட்கள் அவர்களையே அந்த ஜாடியிலிருந்து விலக்கி வைப்பது அநீதி. மாமியாரிடம் இதை மரியாதையோடு, ஆனால் தயங்காமல் சொல்லலாம். மைசூரில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்றவை நம்மிடம் இருக்கின்றன. வீட்டு ஊறுகாய்களின் உப்பளவையும் நுண்ணுயிர்களையும் ஊர் ஊராக அளந்து எளிய தமிழில் வெளியிடுவதற்குப் பெருந்தொகை தேவையில்லை, அந்த நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வடு தீர்ந்தபின் எஞ்சும் நீரை வீணாக்க வேண்டியதில்லை. தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம், பச்சை மிளகாயை அதில் ஊறவைக்கலாம். அடுத்த ஈடு வடுவை அதிலேயே போடுவதானால் புதிதாக உப்புச் சேர்த்தே ஆக வேண்டும். புதிய வடுக்களும் தங்கள் நீரை அதில்தான் விடும். உப்பின் செறிவு குறைந்தால் நீர்ச்செயல்பாடு 0.91ஐத் தாண்டி ஏறிவிடும்.