ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்: தமிழ்ல எப்படி சொல்லலாம்?

ஆர்ஐஏ, அதாவது ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன். இப்ப வேலைக்கு சேர்ற பசங்க நிறைய பேர் இந்த பேரையே கேட்டிருக்க மாட்டாங்க, ஆனா 2008 வாக்குல வெப் பக்கம் வேலை பார்த்தவங்க ரெஸ்யூம்ல ஃப்ளெக்ஸ், சில்வர்லைட்னு (ரெண்டும் இந்த மாதிரி ஆப் கட்ட அப்ப இருந்த கருவிங்க) போட்டு கூடவே ஆர்ஐஏன்னும் ஒரு வரி போடறது சாதாரணம். இதை 'பணக்கார இணையப் பயன்பாடு'ன்னு யாராவது எழுதியிருந்தா சண்டை போடாம கடந்து போயிடுங்க.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடலாம். பழைய பாணி வலைப்பக்கத்துல நீங்க எதை கிளிக் பண்ணாலும் பிரவுசர் சர்வர்கிட்ட போய் முழுப் பக்கத்தையும் புதுசா வாங்கிட்டு வரும். ஒரு ஃபார்ம்ல மாவட்டம் திருவண்ணாமலைன்னு செலக்ட் பண்றீங்க, மாற வேண்டியது கீழ இருக்கற தாலுகா லிஸ்ட் மட்டும்தான், ஆனா ஸ்கிரீன் ஒரு தடவை வெள்ளையாகி மேல இருக்கற லோகோல இருந்து அடியில இருக்கற காப்பிரைட் வரி வரைக்கும் எல்லாம் திரும்ப வரும், வந்து பார்த்தா கஷ்டப்பட்டு டைப் பண்ண அப்பா பேரை காணோம் (எழுதினவர் ஒழுங்கா எழுதியிருந்தா இருக்கும், அது அவங்கவங்க அதிர்ஷ்டம்). சாம்பார் கேட்டா இலையையே எடுத்துட்டு புது இலை போட்டு உப்புல இருந்து பரிமாறுற கதைதான். ஆர்ஐஏல தாலுகா பேரை மட்டும் சத்தமில்லாம வாங்கிட்டு வந்து அந்த கட்டத்துல வச்சிடும், மத்தது எதுவும் அசையாது.

'ரிச்' எங்கருந்து வந்துச்சுன்னா, 'ரிச் கிளையன்ட்'ல இருந்து. எல்லா வேலையும் சர்வர்ல நடந்து நம்ம மெஷின் வெறுமனே காட்டினா அது தின் கிளையன்ட், கணக்கு போடறது, தப்பு பிடிக்கறது, இழுத்து விடறது எல்லாம் நம்ம பக்கமே நடந்தா ரிச் கிளையன்ட். 2002 மார்ச்ல மேக்ரோமீடியா கம்பெனி ஃப்ளாஷ் எம்எக்ஸ்ங்கற மென்பொருளை வெளியிட்டப்ப, அங்க இருந்த ஜெரமி அல்லேர் எழுதின வெள்ளை அறிக்கையிலதான் (தொழில்நுட்பத்தை விளக்கி கம்பெனி வெளியிடற ஆவணம்) ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்ங்கற பேரு வந்துச்சு. அதுவரைக்கும் ஃப்ளாஷ்னா அனிமேஷன், கேம், கண்ண பறிக்கற விளம்பரம், அவ்வளவுதான். அதை கம்பெனிங்க கிட்ட விக்கணும்னா மரியாதையா ஒரு பேரு வேணும்ல, அதனால 'ரிச்'சுல பாதி தொழில்நுட்பம் பாதி மார்க்கெட்டிங்னு வச்சுக்கங்க.

வேடிக்கை என்னன்னா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1999ல, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல முழுப் பக்கத்தையும் மாத்தாம வேண்டியதை மட்டும் வாங்கற இதே வித்தைக்கான சாவி இருந்துச்சு. பிரவுசர்ல ஓடற அவுட்லுக் மெயிலுக்காக மைக்ரோசாஃப்ட் ஆளுங்க செஞ்சது, பின்னாடி எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்னு நிலைச்சுது. பேர்ல எக்ஸ்எம்எல் (டேட்டாவை டேக் போட்டு எழுதற ஒரு முறை) இருக்கே தவிர அதுக்கும் செய்யற வேலைக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, எம்எஸ்எக்ஸ்எம்எல்ங்கற மைக்ரோசாஃப்ட் லைப்ரரிக்குள்ள வச்சு அனுப்பினதால ஒட்டிக்கிச்சு. 2004 ஏப்ரல் 1ல ஜிமெயில், 2005 பிப்ரவரியில கூகுள் மேப்ஸ், அதே மாசம் 18ம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு அஜாக்ஸ்னு பேரு வச்சு ஒரு கட்டுரை எழுதினாரு, அவ்வளவுதான், ப்ளகின் (ஃப்ளாஷ் மாதிரி பிரவுசர்ல தனியா சேர்க்கற துணை மென்பொருள்) எதுவும் போடாமலே இதெல்லாம் ஆகும்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஓட போச்சு, சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர்ல சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க.

சரி, தமிழுக்கு வருவோம். 'ரிச்'சுக்கு வளமான, செழுமையான, செறிவானன்னு மூணு ஆப்ஷன் இருக்கு. வளம்னு சொன்னாலே மண்ணு, ஆறு, கனிமம்தான் ஞாபகம் வருது, செழுமை கவிதைக்கு ஓகே. என் ஓட்டு செறிவுக்கு. செறிதல்னா நெருங்கி அடர்ந்து இருக்கறது, ரேஷன் கடையில செறிவூட்டப்பட்ட அரிசின்னு கேட்டிருப்பீங்க, அதே சொல்தான். ஒரே ஸ்கிரீனுக்குள்ள நிறைய வேலையை அடக்கி வைக்கறதுக்கு நல்லா பொருந்துது.

அப்ளிகேஷனுக்கு 'பயன்பாடு' சரியான சொல்தான்னாலும் மாட்டிக்கும். 'இணையப் பயன்பாடு கூடியிருக்கு'ன்னு எழுதினா ஆப் கூடிடுச்சா இல்ல ஜனங்க நெட் யூஸ் பண்றது கூடிடுச்சா? 'செயலி'ல இந்த தொல்லை இல்ல. அது முன்னாடி பிராசஸருக்கு புழங்கின சொல், நுண்செயலி, சொற்செயலின்னு இன்னமும் இருக்கு, ஆனா ஸ்மார்ட்போன் வந்ததுக்கப்புறம் ஆப்னாலே செயலின்னு பத்திரிகை, டிவின்னு எல்லாரும் பழகிட்டாங்க. அதனால முழுப் பேரு செறிவான இணையச் செயலி.

ஆனா ஃப்ளாஷ் காலத்து சரித்திரம் எழுதறப்ப மட்டும் 'செறிவான'ங்கற அடைமொழி போதும். இன்னிக்கு பிரவுசர்ல ஓடற ஆப் எல்லாமே ரிச்தான், அதனால வலைச்செயலின்னு சொன்னாலே தெளிவா இருக்கு. பிரிக்க வேண்டியது வலைப்பக்கத்தையும் வலைச்செயலியையும்தான்: படிக்கறதுக்குன்னு வந்தா பக்கம், உட்கார்ந்து வேலை செய்யன்னு வந்தா செயலி. விக்கிபீடியா கட்டுரை பக்கம், கூகுள் ஷீட்ஸ் செயலி. நாலு பத்தி செய்தியை ரியாக்ட்ல (வலைச்செயலி கட்டற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கட்டி, ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ணா வெறும் வெள்ளையா நிக்கற மாதிரி செஞ்சு வச்சிருக்கற சைட்டெல்லாம் இருக்கு, அதுவும் என் கணக்குல பக்கம்தான், பக்கமா கூட வேலை செய்யலங்கறது வேற விஷயம்.