பிரைவசி: ரகசியமா, தனியுரிமையா?

சில செயலிகளைத் தமிழில் திறந்தால் ‘இரகசியக் கொள்கை’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. பிரைவசி பாலிசிக்குத்தான் இந்தத் தமிழ். செய்திகளிலும் ‘பயனர்களின் ரகசியம் காக்கப்படும்’ என்றே வாசிக்கிறார்கள். இது பிழை மட்டுமல்ல, தீங்கும்கூட.

பிரைவசி லத்தீன் வழி வந்த சொல். பொதுப் பணியைச் சேராத, தனி ஒருவருக்குரிய என்பது அதன் வேர்ப்பொருள். ஒளித்தல் அதில் இல்லை.

ரகசியம் என்பது பிறர் அறியாமல் வைத்திருப்பது. ஆங்கிலத்திலும் அதற்கு சீக்ரசி என்று வேறு சொல் உண்டு. நான் என்ன மருந்து வாங்குகிறேன் என்பது மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். அதில் ரகசியமே இல்லை. ஆனாலும் அதை விளம்பர நிறுவனத்துக்கு விற்க யாருக்கும் உரிமை கிடையாது. ரகசியம் என்று பெயர் வைத்தால், ‘தப்பு செய்யாதவன் ஏன் ஒளிக்க வேண்டும்?’ என்ற கேள்வி உடனே வந்துவிடும். அப்புறம் ஒளிப்பது அவரவர் சாமர்த்தியம் என்றாகிவிடும்: இணையத்தில் நம் முகவரியை மறைக்கும் விபிஎன் போடு, செய்திகளைப் பூட்டி அனுப்பும் சிக்னல் செயலிக்கு மாறு, தடம் மறைக்கும் டார் உலாவியை இறக்கு. இவை தேவைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அரசின் ஓர் உத்தரவு போதும், இவையும் ஆட்டம் காணும்: 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நார்ட், எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன.

உரிமை என்றால் கேட்டுப் பெறலாம், வழக்குப் போடலாம். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், தொந்தரவின்றித் தனியே விடப்படும் உரிமை உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள். சரி, 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள 17ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. அந்த வழியை எந்தச் செயலியாலும் அடைக்க முடியாது; நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

ஆகவே பிரைவசிக்குத் தனியுரிமைதான் சரியான சொல். இதற்கும் குறை உண்டு: மூல நிரலை (சோர்ஸ் கோட்) தராத மென்பொருளைத் ‘தனியுரிம மென்பொருள்’ என்கிறோம், குழப்பம் வரும். அந்தரங்கம் நல்ல வழக்குச் சொல்தான், ஆனால் படுக்கையறையை விட்டு அது வெளியே வருவதில்லை. வங்கிக் கணக்கு விவரத்துக்குப் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு பிரைவேட் என்றாலே தனியார்தான். விபிஎன்னும் (விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்) ‘மெய்நிகர் தனியார் பிணையம்’ ஆகிவிட்டது. தனியார் என்றால் நமக்குத் தனியார் பேருந்து, தனியார் பள்ளி. இங்கே ‘தனி’ போதும்: மெய்நிகர் தனிப் பிணையம்.