டயப்பர், பேம்பர்ஸ், அணையாடை

மதுரை மருந்துக்கடைகளில் பலரும் கேட்பது பேம்பர்ஸ். "அண்ணே, பேம்பர்ஸ் மீடியம் ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் கைக்கு எட்டிய கம்பெனிப் பாக்கெட்டை எடுத்துத் தருவார். வாங்குகிறவரும் பெயரைப் பார்க்காமல் வாங்கிப் போவார். பேம்பர்ஸ் என்பது அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கின் பெயர். அந்தச் சரக்கின் பெயரே பொதுப்பெயராகிவிட்டதால், டயப்பர் என்றாலே நனைந்ததும் தூக்கிப் போடுவது என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. துணி கட்டிய பிள்ளையைப் பார்த்து "டயப்பர் போடலையா?" என்று கேட்கிறோம். உண்மையில் டயப்பர் என்பது துணியின் பெயர்தான்.

கிரேக்கத்தில் அஸ்ப்ரோஸ் என்றால் வெள்ளை. முன்னொட்டுச் சேர்ந்து தியாஸ்ப்ரோஸ் ஆனபோது 'முழுக்க வெள்ளை' என்ற பொருள் வந்தது. அது இடைக்கால லத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் டயப்பர் ஆனது. நெசவிலேயே சின்னச் சின்ன சாய்சதுரங்கள் விழும்படி நெய்த உயர்ந்த துணிக்கு அந்தப் பெயர். முதலில் பட்டு, பிறகு லினனும் பருத்தியும். நம் ஊர்ச் சுங்குடியை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்: முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் புள்ளிவேலையின் பெயர் சேலைக்கே பெயராகிவிட்டது அல்லவா, அதுபோல. அந்தக் கட்டத்துணி கை துடைக்கும் துண்டாகி, அப்புறம் பிள்ளைகளின் இடுப்புக்கு வந்தது. இங்கிலாந்தில் இதையே நாப்பி என்கிறார்கள், நாப்கின் என்பதன் சுருக்கம். இங்கே நாப்கின் என்றால் மாதவிடாய்க்கு வைப்பது என்று நிலைத்துவிட்டதால் பிள்ளைக்கு அந்தச் சொல் ஒத்துவராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வீட்டுப் பேச்சில் வெறும் 'துணி'தான். "ஏத்தா, பிள்ளை ஈரத்துல கெடக்கு, துணிய மாத்து" என்று அப்பத்தா சொன்னால் எந்தத் துணி என்று யாரும் கேட்பதில்லை. பழைய வேட்டியும் நைந்த நூல்சேலையும் கிழித்துச் செய்வது. துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் முரடும் போன துணி புதுத்துணியைவிட மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் சட்டென்று இழுக்கும். அரணாக்கயிற்றில் முன்னும் பின்னும் செருகிவிட்டால் அது கோவணம், பேச்சில் கோமணம். வடமொழிக் கௌபீனத்தோடு தொடர்புடைய சொல். பழைய சொல்தான், அமர்நீதி நாயனார் அடியார்களுக்குக் கொடுத்துவந்தவற்றில் கீளும் (இடுப்பில் கட்டும் துணிப்பட்டை) கோவணமும் உண்டு. ஆனால் அது பெரியவர்களின் உடை. பிள்ளையின் ஈரத்தைத் தாங்கும் துணி என்ற பொருள் அதில் இல்லை.

எழுத்தில் இப்போது புழங்குவது அணையாடை. அணை என்றால் படுக்கை, மெத்தை. தலையணையிலும் பஞ்சணையிலும் இருப்பது அதுவே. கைப்பிள்ளைக்குக் கீழே விரிக்கும் துணியே அணையாடை. விரிப்பைக் குறிக்கும் சொல் இடுப்பில் கட்டுவதற்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்றே நினைக்கிறேன். இரண்டுக்கும் வேலை ஒன்று, அதோடு அணைத்தல் என்ற வினையின் சாயலும் காதில் விழுகிறது. பிள்ளைக்கென்றே பிறந்த சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை உருட்டத் தேவையில்லை. துவைத்துக் கட்டுவது துணி அணையாடை, கட்டிவிட்டு எறிவது ஒருமுறை அணையாடை என்று பிரித்துக்கொண்டால் போதும். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிட்டால், துணியா டயப்பரா என்ற சண்டை போய், எந்த நேரத்துக்கு எது என்ற கேள்விதான் மிஞ்சும்.

பகலில் வீட்டில் இருக்கும்போது துணியே நல்லது. மதுரை வெக்கையில் பிளாஸ்டிக் உறை போட்ட எதையும் நெடுநேரம் கட்டிவைத்தால் தொடை இடுக்கு சிவந்து தடித்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிறந்து ஒரு வாரம் ஆன பிள்ளை நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் ஒண்ணுக்குப் போனால் தாய்ப்பால் போதுகிறது என்று பொருள். துணியில் அது உடனே தெரியும். ஒருமுறை வகையில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற குருணை இருக்கிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாகி மேற்புறத்தை உலர்வாக வைத்துவிடும். எத்தனை தடவை போனது என்று எண்ணுவது சிரமம். ஆனால் இரவுத் தூக்கத்துக்கும், மொட்டையடிக்க அழகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும் நாளுக்கும் அந்தக் குருணைதான் கைகொடுக்கும். அப்போதும் பகலில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், ஆய் போனால் உடனே மாற்ற வேண்டும்.

துணி என்றால் சுற்றுச்சூழலுக்குத் தானாகவே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமையின் 2008 ஆய்வில், ஒரு பிள்ளையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வகையால் சுமார் 550 கிலோவும் துணியால் சுமார் 570 கிலோவும் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் என்று கணக்கு வந்தது. வெந்நீரும் மின் உலர்த்தியும்தான் துணியின் கணக்கை ஏற்றியவை. கொடியில் காயப்போட்டு, மெஷினை நிறைத்துத் துவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. மொட்டைமாடி வெயில் இருக்கும் ஊரில் இது நமக்குச் சுலபம். குழாயில் தண்ணீர் வராத கோடை நாட்களில் மட்டும் தயங்காமல் ஒருமுறை வகைக்குப் போகலாம். துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். அது நூலில் படிந்து, ஈரம் இழுக்கும் தன்மையைக் குறைத்துவிடும்.

ஒருமுறை அணையாடையை எறிவதற்கும் ஒரு முறை இருக்கிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சுகாதாரக் கழிவு என்கின்றன. பத்திரமாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, உள்பக்கமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் மடித்து, சாப்பாட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். அந்தப் பையைப் பிரிப்பவர் கைகளும் நம்மைப் போன்றவர் கைகள்தான். வைகைக் கரையிலோ கண்மாயிலோ வீசினால் பிளாஸ்டிக் உறை மக்காது, கூழ் நீரில் கலந்துவிடும்.