மூக்குக்குள் போன மொச்சை

உசிலம்பட்டிப் பக்கம் மொச்சைக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் வகுப்பு விதைப் பாடத்துக்குக் காய்ந்த மொச்சை ஆளுக்கு ஒன்று, இரவே ஊறப்போட்டது ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஊறியதை உரித்து இரண்டாகப் பிளந்தால் ஓரத்தில் குட்டி வாலோடு முளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பையன் காய்ந்த மொச்சையை மூக்குக்குள் விட்டிருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

வீட்டில் ஹேர்பின் விட்டு எடுக்கப் பார்த்ததில் அது இன்னும் உள்ளே போய்விட்டது. மூக்கின் ஈரத்தில் ஊறி உப்பியும் விட்டது. மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் எடுத்தார். விதை தண்ணீர் குடித்தால் உப்பும் என்று நான் நடத்திய பாடம்தான். இப்போது சிரிக்கலாம், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூக்கிலோ காதிலோ விதை போனால் நோண்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வடிந்தாலும் சந்தேகப்படுங்கள். அங்கன்வாடி வயசுப் பிள்ளைகள் கையில் கடலையைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

'வீட்டிலிருந்து விதை கொண்டுவாங்க' என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். ஒருத்தி அப்பாவின் விதைப்பையிலிருந்து ரோஸ் கலர் மக்காச்சோளம் அள்ளி வந்தாள். அந்தக் கலர், பூஞ்சாணக்கொல்லி மருந்து கலந்த விதை என்பதற்கான அடையாளம். பிள்ளைக்கு அது மிட்டாய். வேலியோரக் காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசிக்கும், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற குன்றிமணியைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து.

சரி, பயந்துபோய்ப் படம் வரைந்து முடித்துவிடலாமா? மனசு வரவில்லை. இப்போது பாசிப்பயறும் இரண்டு கொட்டாங்கச்சியும் நானே கொண்டுபோகிறேன். ஒன்று ஜன்னலோரம், ஒன்று பீரோவுக்குள். எது உயரமாக வளரும் என்று கேட்டால் வகுப்பே ஜன்னலைக் காட்டும். நாலைந்து நாள் கழித்துப் பீரோவைத் திறந்தால், உள்ளே இருந்தது வெளிறிய மஞ்சளாய் நெடுநெடுவென்று நிற்கும். "டீச்சர், முளைப்பாரி!" என்று கத்துவார்கள். இருட்டறையில் முளைப்பாரி வளர்வதைத் திருவிழாவுக்குத் திருவிழா பார்க்கிற பிள்ளைகள்தானே. வெளிச்சத்தைத் தேடி விதைக்குள் இருந்த சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டவே செலவழித்துவிட்டது, வெயில் படாததால் பச்சையம் இல்லை என்று அப்புறம் சொன்னால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதே கொட்டாங்கச்சியை ஜன்னலோரம் வைத்தால் இரண்டு நாளில் பச்சை ஏறுவதையும் பார்க்கலாம்.

விதையை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குகிறேன். போன வாரம் 28 கொடுத்தேன், 27 வந்தது. ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எங்க அம்மாச்சிகிட்ட காட்டணும் டீச்சர்."