உடலில் மறைக்கப்படும் மாணிக்கக்கல்: குழியிலிருந்து விமான நிலையம் வரை சட்டம் சொல்வது

மாணிக்கக்கல்லை விழுங்கிக் கொண்டுபோவது பற்றி இலங்கையின் மலையகத்தில் பேசப்படும்போது, இரண்டு வெவ்வேறு குற்றங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. கல் தோண்டும் குழியில் கிடைத்த கல்லைப் பங்காளிகளுக்குத் தெரியாமல் ஒளித்து எடுப்பது, தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரும் திருட்டு அல்லது நம்பிக்கை மோசடி. சுங்கத்துக்குக் காட்டாமல் கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கல் தோண்டுவதும் வியாபாரம் செய்வதும் இவை இரண்டிலும் சேராத தனிக் குற்றங்கள்.

தோண்டுவதற்கான அனுமதிப்பத்திரம் பெற, காணி உரிமையாளரின் சம்மதமும், வேலை முடிந்தபின் குழியை மூடுவதற்கான வைப்புப் பணமும் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெருந்தோட்டக் காணிகள் அரசுக்குரியவை. 1992 முதல் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. ஆகவே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக மரக்கறி போட்ட துண்டு நிலமாயினும், அதில் கல் தோண்டச் சம்மதம் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. பொகவந்தலாவையில் கெசல்கமு ஓயாக் கரையில் இரவில் தோண்டிப் பிடிபடுவோரில் கூலிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள் என்பதையும், கல்லை வாங்கும் முதலாளி பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதையும் சட்டத்தை விளக்கும்போது மறைக்கக் கூடாது.

அனுமதி பெற்ற குழியில் கிடைக்கும் கல்லின் விலை, காணிக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், பணம் போட்டவர், குழியில் இறங்கியவர்கள் ஆகியோருக்கிடையே முன்கூட்டிப் பேசிய பங்கின்படி பிரிக்கப்படும். அதனால்தான் மண் கழுவும் நாளில் பங்காளிகள் கூடி நிற்கிறார்கள். இடுப்பளவு நீரில் நிற்பவர் கூடையைச் சுழற்றிச் சேற்றைக் கரைத்து, எஞ்சிய சரளையை வெயில் படும்படி சாய்த்துக் காட்டும்போது, அவருடைய கை வாய்ப்பக்கம் போனாலே பேச்சு எழும். பங்கு விகிதத்தை எழுத்தில் வைத்துக்கொள்வது, அந்தச் சந்தேகத்திலிருந்து தொழிலாளியையே முதலில் காக்கும்.

ஏற்றுமதி வேறு வழி. அனுமதிப்பத்திரம் பெற்ற வியாபாரி கல்லை அதிகார சபையிடம் கொடுத்து, மதிப்பீடு செய்வித்து, முத்திரையிட்ட பொதியாகவே அனுப்ப வேண்டும். உடலில் மறைத்துக் கொண்டுபோய்க் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டால் கல் பறிமுதலாகும். அதன் பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டமும் விதிக்கப்படலாம். தெரிந்தே உதவியவரும் பொறுப்பாளியாவார். ஆனால் சோதனைக்கு உட்படுபவருக்கும் உரிமை உண்டு. தன்னைச் சோதிப்பதற்கு முன் சமாதான நீதவானிடமோ சுங்க மேலதிகாரியிடமோ கொண்டுசெல்லுமாறு அவர் கேட்கலாம். சந்தேகத்துக்கு நியாயமான காரணம் உண்டா என்று அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

2012 செப்டெம்பரில் கொழும்பில் நடந்த இரத்தினக்கல் கண்காட்சியில், வைரம் ஒன்றை விழுங்கிவிட்டதாக ஒரு வெளிநாட்டவர் கைதானார். எக்ஸ்ரே எடுத்து, பேதி மருந்து கொடுத்துக் காத்திருந்தபின் வெளியே வந்தது போலிக் கல். உண்மையான வைரம் கூட்டாளியோடு போய்விட்டது என்றே பொலிஸார் கருதினார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும், விழுங்கியவர் சிக்குவதும் கல் வேறொருவர் கையில் சேர்வதும் இந்தத் தொழிலில் புதிதல்ல.

நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் குருந்தம் என்ற கனிமத்தின் வகைகள். வைரத்துக்கு அடுத்த கடினமுடையவை. வயிற்று அமிலம் அவற்றைக் கரைக்காது. பட்டை தீட்டாத கல்லின் கூரிய விளிம்பு குடலைக் கிழிக்கலாம். பெரிய கல் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான். விழுங்கியவருக்கு வயிற்று வலி, வாந்தி, இரத்தப்போக்கு ஏற்பட்டால், வழக்குக்குப் பயந்து வீட்டில் வைத்திருக்காமல், உடனே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விழுங்கியது என்ன, எவ்வளவு பெரியது என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.